தலைவர் மன்னித்த நர்ஸ்

தலைவரின் வீட்டை நினைவில்லமாக்கி இருபது வருடமாகிறது. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காத நான், போன வாரம் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவைப் பற்றி அங்கே பலகையில் ஒரு வரி இருக்கிறது என்று மருமகன் வந்து சொன்னார். அதைப் பெருமை என்று நினைத்துச் சொன்னார், பாவம்.

அறுபது வருடத்துக்கு முன்பு, தலைவரின் ஏழு வயது மகன் காய்ச்சலில் கிடந்தபோது பார்த்துக்கொண்ட நர்ஸ் என் அக்கா. தாயில்லாப் பிள்ளை. அவன் போன மறுநாளே அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். காரணம் சொல்லவில்லை.

மாடியில் அந்த அறை. ஒரு கட்டில், யாரும் உட்காராதபடி சுற்றிலும் கயிறு கட்டிய நாற்காலி, சுவரில் தலைவர் கண்ணைத் துடைக்கும் ஆளுயரப் படம். அழும்போதும் முகத்தைக் காமிரா பக்கமே வைத்திருந்தார்.

வழிகாட்டிப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "தலைவர் மூணு நாள் பச்சைத் தண்ணி பல்லுல படாம இந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தாரு. நர்ஸ் கண்ணசந்த நேரத்துல பையன் உயிர் போயிடுச்சு. அவங்களையும் பெரிய மனசு பண்ணி மன்னிச்சாரு."

"நர்ஸ் தூங்கினாங்க சரி," என்றேன். "நாற்காலியில இருந்தவரு என்னம்மா பண்ணிட்டிருந்தாரு?"

சுற்றிப் பார்க்க வந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. "என்னையாடா மன்னிச்சாரு?" என்றாள்.

கட்டிலருகே கண்ணாடிப் பெட்டியில் அவள் எழுதிய காய்ச்சல் அட்டவணையையே வைத்திருந்தார்கள். மணிக்கொரு வரி. காய்ச்சல் எவ்வளவு, என்ன குடித்தான், உடனிருந்தவர் யார். பலகை எழுதிய மேதாவிகள் அதைப் படிக்கவில்லை. நான் உரக்கப் படித்தேன்.

"பகல் பதினொன்று. நூற்று மூன்று. இரண்டு ஸ்பூன் தண்ணீர். உடனிருந்தவர்: நர்ஸ். பன்னிரண்டு. நூற்று நான்கு. அப்பாவைக் கேட்டான். ஆள் அனுப்பினேன். உடனிருந்தவர்: நர்ஸ். ஒரு மணி. மறுபடி ஆள் அனுப்பினேன். கூட்டம் முடியவில்லையாம். ஒன்றேகால். நாடி இல்லை. உடனிருந்தவர்: நர்ஸ்."

மூன்று நாள் தாளிலும் தகப்பன் ஒரு வரியில்கூட இல்லை.

மேற்பார்வையாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "ஐயா, சத்தம் வேண்டாம். பலகையை மாத்தணும்னா கமிட்டி கூடணும்."

"பொய் எழுதக் கூடினாங்கல்ல, இதுக்கும் கூடட்டும்."

அதற்குள் அடுத்த கூட்டம் மாடியேறி வந்துவிட்டது. வழிகாட்டிப் பெண் எல்லாவற்றையும் ஒப்பித்தாள், நர்ஸ் வரியை மட்டும் விழுங்கினாள். இந்தப் பிச்சைக்கா நாங்கள் வந்தோம்?

"விழுங்காதேம்மா. நடந்ததைச் சொல்லு."

மேற்பார்வையாளரைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"நர்ஸ் தூங்கல," என்றாள். "தலைவர்தான் வரல. அந்த நர்ஸ் இவங்கதான்."

கூட்டத்தில் ஒரு அம்மாள் அக்காவின் கையைப் பிடித்தாள். "பையன் கடைசியா என்னம்மா சொன்னான்?"

அக்கா கையை உருவிக்கொண்டாள். "அது அவனோட போகட்டும். சொன்னா அதையும் எழுதி மாட்டிடுவாங்க."

படி இறங்கும்போது மேற்பார்வையாளர் பணிவாகக் கை நீட்டினார். நான் உயிரோடு இருக்கும்போது என் அக்காவுக்கு அந்த ஆளின் கை எதற்கு? என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள்.