இன்னும் வராத எழுத்து

"கையை விடும்மா. நான் போகணும்."

அப்பாவின் இரண்டு மணிக்கட்டுகளையும் அவள் கட்டிலோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். ட்ரிப்ஸ் ஊசியை அவர் ஏற்கெனவே ஒருமுறை பிடுங்கி எறிந்தாயிற்று. போர்வையில் அந்த ரத்தம் இன்னும் காயவில்லை. எலும்பும் தோலுமாகக் கிடக்கிற மனிதருக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ.

"எங்கப்பா போகணும்? சொல்லுங்க, நான் போயிட்டு வரேன்."

"நீங்க போயி பிரயோஜனம் இல்ல. பாப்பாவுக்கு உங்களத் தெரியாது. கூப்பிட்டா வர மாட்டா."

கட்டிலின் மறுபக்கம் நின்ற அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அவர்கள் வீட்டில் பாப்பா என்றால் அவள் ஒருத்திதான். இருபத்து நாலு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விட்டபாடில்லை. அப்பா ஓயாமல் உன்னையே கேட்கிறார், சொட்டுத் தண்ணீர்கூட இறங்கவில்லை, கிளம்பி வா என்று அண்ணன் போனில் சொன்னதும் போட்டிருந்த உடையோடு ரயிலேறி வந்தவள் அவள். காலையிலிருந்து அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளிடமே அவர் பாப்பா எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"நான்தான் ஸ்டேஷனுக்குப் போயி கூட்டிட்டு வந்துட்டேனேப்பா. இதோ நிக்கிறா, பாருங்க," என்றான் அண்ணன்.

அப்பா அவனை மட்டும் பார்த்தார். அவனை அவருக்கு நன்றாகவே தெரிந்தது. "ஸ்டேஷனுக்கா? அங்க எதுக்குடா போனா அவ?"

"அப்பா, என்னைப் பாருங்க. நான்தான் பாப்பா."

அவர் அவள் முகத்தைக் கொஞ்சம் மரியாதையாகவே பார்த்தார், புதிதாக வீட்டுக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோல. "நல்ல பொண்ணா இருக்கீங்க. நர்ஸு வேலையில இருந்துக்கிட்டு பொய் சொல்லலாமா?"

டாக்டர் காலையிலேயே அவர்களை வராந்தாவுக்கு அழைத்துச் சொல்லிவிட்டார். சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. ரத்தத்தில் ஏறும் விஷம் மூளையைக் குழப்புகிறது. இன்று பொழுது தாண்டுவது கஷ்டம். ஏதாவது பேசுவதென்றால் இப்போதே பேசிவிடுங்கள் என்று அவர் மென்மையாகத்தான் சொன்னார். அவளுக்குப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. போவதற்குள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அப்பா தன்னைப் பார்த்து இவள்தான் என்று தெரிந்துகொண்டால் போதும். அதுவும் கிடைக்காமல் போய்விடுமோ என்றிருந்தது.

ஊசியை மறுபடி குத்திவிட்டு நர்ஸ் நிமிர்ந்தாள். "இன்னொரு வாட்டி பிடுங்கினார்னா கையைக் கட்டத்தான் வேணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கட்ட வேணாம். நான் பிடிச்சுக்கறேன்."

"எவ்ளோ நேரம் பிடிப்பீங்க?" என்று கேட்டுவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

காலையிலிருந்து அவள் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டாள். போனில் இருந்த படங்களைக் காட்டினாள். கன்னத்துத் தழும்பைக் காட்டினாள். அவர் திட்டிய திட்டுகளை வரிசையாகச் சொல்லிக் காட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மிச்சமிருந்தது ஒன்றுதான், அதைச் செய்ய அவளுக்குப் பயமாக இருந்தது. அதுவும் பலிக்காவிட்டால் அப்புறம் கையில் எதுவும் இல்லை.

அப்பா பழைய கார் புரோக்கர். அந்த ஊரில் நம்பர் பிளேட்டின் நடுவே ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று உண்டு. ஏ-யில் தொடங்கி வருஷத்துக்கு ஒன்றாக அது மாறும். எழுத்தைப் பார்த்தால் வண்டி எந்த வருஷம் ரோட்டுக்கு வந்தது, இப்போது வயதென்ன என்று சொல்லிவிடலாம். ஐயும் ஓவும் மட்டும் கிடையாது, ஒன்று, பூஜ்யம் என்று குழப்பும். அது தெரியாமல் விரல் விட்டு எண்ணுகிறவன் ஒரு வயதைக் கூட்டிச் சொல்லி மாட்டிக்கொள்வான். அப்பா ஒருநாளும் மாட்டியதில்லை. கார் மார்க்கெட்டில் அவருக்கு ஜோசியர் என்றே பெயர். "விக்கிறவன் வாய் பொய் சொல்லும், பெயிண்டும் பொய் சொல்லும், எழுத்து சொல்லாது" என்பார். அம்மா இறந்தபோது அவளுக்கு நாலு வயது. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் அவளை ஏற்றிக்கொண்டு நேராக மார்க்கெட்டுக்குத்தான் போவார். முன் சீட்டில் உட்கார்ந்து எதிரே வருகிற வண்டியின் எழுத்தை அவள் கத்துவாள். வண்டி தாண்டிப் போவதற்குள் அவர் வயதைச் சொல்லிவிடுவார். எத்தனையோ மைல் அப்படிப் போயிருக்கிறார்கள்.

ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரியின் வண்டிகள் நிற்கும் இடம். முதலில் நின்றது சலவைத்துணி ஏற்றும் வேன்.

"சி," என்றாள்.

அவள் பிடியில் துடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"ரெண்டு வருஷம்," என்றார் அப்பா.

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணா, கேட்டியா? பதில் சொல்றாரு."

அண்ணன் எட்டிப் பார்த்தான். "ரெண்டா? கதவு துருப்பிடிச்சுத் தொங்குது. பதினேழு வருஷம் இருக்கும் அதுக்கு." அவன் குரலில் கோபமில்லை, அலுப்புதான் இருந்தது. "விடு பாப்பா. அதுவும் போயிடுச்சு."

அவள் இந்த வருஷத்து எழுத்தான வி வரை மனதுக்குள் எண்ணினாள். பதினேழுதான். அப்பா தப்பாகச் சொல்லிவிட்டார். வாழ்நாளில் தப்பே சொல்லாத மனிதர்.

"ஏ," என்றாள், ஒரு மூலையில் நின்ற பழைய காரைப் பார்த்து.

"நாலு." குரலில் தயக்கமே இல்லை. கண்ணில்கூடக் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது. அதற்கு வயது பத்தொன்பது.

டாக்டரின் வெள்ளை நிறக் கார் பளபளவென்று நின்றது. "எஸ்."

அப்பா நெற்றியைச் சுருக்கினார். "அந்த எழுத்து இன்னும் வரலியேம்மா. எவனோ போலி போர்டு மாட்டியிருக்கான். வாங்கிடாதீங்க, வம்புல மாட்டிப்பீங்க."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா படுக்கையில் விழுந்த இந்த மூன்று மாதத்தில் அவன் சிரித்து அவள் கேட்டதில்லை. அவளால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. பதினேழுக்கு ரெண்டு. பத்தொன்பதுக்கு நாலு. இரண்டிலும் குறைவது அதே பதினைந்து. தடுமாறுகிறவன் இப்படி ஒரே அளவாகத் தப்புச் சொல்லமாட்டான்.

"கடைசியா வந்த எழுத்து எதுப்பா?"

"ஈ. இந்த வருஷம் ஈ. இதுகூடத் தெரியாம கார் வாங்க வந்துட்டீங்களா?"

அப்பா எதையும் தப்பாகச் சொல்லவில்லை. ஈ எழுத்து ஓடுகிற வருஷத்தில் அவர் இருந்தார், அங்கே கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த வருஷம் அண்ணனுக்கு இருபது வயது, மீசையெல்லாம் வந்துவிட்டது. அதனால் அவனை அடையாளம் தெரிகிறது. அந்த வருஷம் அவளுக்கு ஒன்பது. அப்பா தேடுவது ரயிலில் வருகிறவளை அல்ல. பள்ளிக்கூடத்து கேட்டில் பையோடு நிற்கிற ஒருத்தியை. மணி அடிப்பதற்கு முன்னாலேயே போய் நிற்பவர் அவர். இன்று போகவில்லை, போக விடமாட்டேன் என்கிறார்கள்.

இது புரிந்ததும் அவள் நிதானமாகத்தான் இருந்திருக்க வேண்டும். நிதானமாக இருக்க முடியவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷத்திலிருந்து அவரைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"ஈ முடிஞ்சிருச்சுப்பா. அப்புறம் எஃப் வந்துச்சு, எனக்குப் பல்லுல கம்பி போட்டீங்க. ஜி-ல மார்க்கெட்ல விழுந்து காலை ஒடிச்சுக்கிட்டீங்க. எச்-ல வீடு மாறினோம். ஐ கிடையாது. ஜே-ல நான் பெரியவளானேன், என்ன பண்றதுன்னு தெரியாம நீங்க பக்கத்து வீட்டு அக்காவக் கூப்பிட ஓடினீங்க, செருப்புகூடப் போடாம. என்-ல எனக்கு கார் ஓட்டக் கத்துக் குடுத்தீங்க, நான் செவுத்துல இடிச்சேன். எஸ்-ல எனக்கு வேலை கெடச்சு ஊரை விட்டுப் போனேன். எஸ் போலி இல்லப்பா. எல்லா எழுத்தும் வந்திருச்சு."

அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தாக அவர் கேட்டிருந்தார் என்பது தெரிந்தது.

"இத்தனை எழுத்து போயிடுச்சா?"

"போயிடுச்சுப்பா."

"அப்ப பாப்பா?"

"வளந்துட்டாப்பா."

"யாரு வளத்தா?"

"நீங்கதான்ப்பா. நீங்கதான் வளத்தீங்க."

"நான் இங்கல்ல படுத்திருக்கேன்," என்றார் அப்பா.

அவர் முகத்தில் வந்த பயத்தை அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. அத்தனை வருஷமும் குழந்தை கேட்டிலேயே நின்றிருக்கிறது, தான் கட்டிலில் படுத்துக் கிடந்துவிட்டோம் என்று அவர் புரிந்துகொண்டார். அவளே அதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தன் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

அவர் கைகளை உதறிக்கொண்டு எழுந்தார். ஒரு கால் கட்டிலுக்குக் கீழே வந்துவிட்டது. "மழை இருட்டிட்டு வருது. தனியா நிப்பா. அழ மாட்டா அவ, நின்னுக்கிட்டே இருப்பா. டேய், வண்டிய எட்றா."

ஊசி பிடுங்கிக்கொண்டது. அண்ணன் அவரைத் தோளோடு அணைத்துப் பிடித்தான். நர்ஸ் கட்டுத்துணியோடு வேகமாக வந்தாள். அவள் மேல் யாருக்குக் கோபம் வரும், அவள் வேலை அது.

"கட்டாதீங்க. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்," என்று அவள் நர்ஸின் கையைப் பிடித்தாள். பிறகு கட்டிலைச் சுற்றி மறைத்திருந்த பச்சைத் திரைக்கு வெளியே போய் நின்றாள்.

"அப்பா."

கட்டிலின் கிறீச்சொலி நின்றது. குரலை மாற்ற வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. தன் குரலிலேயே இன்னொருமுறை கூப்பிட்டாள்.

"பாப்பாவா?"

"ஆமாப்பா."

"எங்க இருந்த இவ்ளோ நேரம்?"

"இன்னிக்கு மணி லேட்டாத்தான் அடிச்சாங்க."

"யாரு கூட்டிட்டு வந்தா?"

"அண்ணன்."

"அவனா? வேகமா ஓட்டியிருப்பானே, கழுத." திரைக்கு அந்தப் பக்கம் அண்ணன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்பாவை அவன் மெல்லப் படுக்க வைத்திருக்க வேண்டும், கட்டில் ஒருமுறை முனகி அடங்கியது. "பயந்துட்டியாடா?"

"இல்லப்பா. எப்படியும் நீங்க ஆள் அனுப்புவீங்கன்னு தெரியும்."

"ம்."

அந்த ஒற்றை முனகலில் அவருக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கு அவளைத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து அவள் கெஞ்சியது கிடைத்துவிட்டது. திரையை விலக்கி ஓடிப்போய் அந்த நெஞ்சில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும் போல அவளுக்கு இருந்தது. கை திரைத்துணியைப் பற்றிவிட்டது.

"ஏன் அங்கயே நிக்கிற? உள்ள வா."

உள்ளே போனால் அங்கே நிற்கப்போவது யாரோ ஒரு நர்ஸ். பாப்பா மறுபடி கேட்டுக்குப் போய்விடுவாள்.

"ஷூ கழட்டிட்டு வரேன்ப்பா."

"முடிச்சு விழுந்திருக்கும். இழுக்காத, இறுகிடும். நான் அவுத்து விடவா?"

"வேணாம்ப்பா. நானே அவுக்கறேன்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். ரயிலேறும்போது போட்ட ஷூ இன்னும் காலில் இருந்தது. கயிற்றை அவள் தொடவில்லை. முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள்.

"அவுத்துட்டியா?"

"இன்னும் இல்லப்பா."

"மெதுவா, மெதுவா. அவசரம் ஒண்ணும் இல்ல."

ஜன்னல் கண்ணாடியில் மழை விழ ஆரம்பித்தது. வெளியே யாரோ ஒரு வண்டியைக் கிளப்பிப் பின்னால் எடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா மறுபடி கேட்டார், குரல் தேய்ந்திருந்தது. அவள் மறுபடி இன்னும் இல்லை என்றாள். அவர் "ம்" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கேட்பார் கேட்பார் என்று அவள் பதிலை நாக்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மூச்சு மட்டும் கேட்டது, விட்டு விட்டு. பிறகு நர்ஸின் காலடிச் சத்தம். பிறகு அண்ணன் ஒருமுறை "அப்பா" என்றான், கூப்பிடுவதுபோல இல்லாமல்.

திரை விலகியது. அண்ணன் அதைக் கையில் பிடித்தபடி நின்றான். முகத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"உள்ள வா பாப்பா."

"இதோ வரேன்ணா," என்று அவள் குனிந்து ஷூவின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அது இறுகியிருந்தது. அண்ணன் திரையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.