புளூட்டோவாசிக்குப் பதில் இவர்

இத்தால் சகலருக்கும், குறிப்பாகப் பூமி என்னும் கோளில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும், பிற்காலத்தில் இதைத் தோண்டியெடுக்கப்போகும் வேற்றுக்கிரக ஆய்வாளர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ‘பேரண்ட வாசல்’ வலைப்பூவின் நிறுவனரும் ஆசிரியரும் ஒரே எழுத்தாளருமான உத்திராபதி, இன்று முதல் இணைய உலகை விட்டு நிரந்தரமாக விலகுகிறார். காரணம், நாகரிகமின்மை. யாருடைய நாகரிகமின்மை என்பதைப் பெருந்தன்மை கருதி அவர் வெளியிட விரும்பவில்லை.

2009ஆம் வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடலூர் மஞ்சக்குப்பத்தில், தன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து இதை உத்திராபதியே தட்டி உத்திராபதியே வெளியிட்டார். நாகரிகமின்மை என்று அவர் குறிப்பிட்டது வேறொன்றுமில்லை. செவ்வாய்க் கிரகத்தில் கூட்டுறவு வங்கி நடத்த முடியுமா என்று அவர் நாலு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய கட்டுரைக்கு ஒரே ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. வடலூர் பக்கம் வீட்டு மனை விற்பனைக்கு இருப்பதாக அது சொன்னது.

விலகுவது அப்போது வலைப்பூக்காரர்களிடையே ஒரு சடங்காக இருந்தது. விலகுகிறேன் என்று ஒருவர் எழுதுவார். ஐயோ போகாதீர்கள் என்று நாற்பது பேர் வந்து அழுவார்கள். அன்புக்குக் கட்டுப்பட்டு அவர் மூன்றாம் நாள் திரும்பி வருவார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை குடையும் விசிறியுமாகக் காசிக்குக் கிளம்புகிற மாதிரிதான். ஒரே ஆபத்து, பெண் வீட்டார் யாரும் வழிமறிக்காவிட்டால் நிஜமாகவே காசிக்குப் போயாக வேண்டும். உத்திராபதி குடையை எடுத்துவிட்டார். வழிமறிக்க ஆள் உண்டா என்பதுதான் கேள்வி.

ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் அவர். நாற்பத்தெட்டு வயது. பழைய புத்தகக் கடையில் ராக்கெட் படம் போட்ட அட்டை எதைப் பார்த்தாலும் வாங்கிவிடுவார். அப்படி வாங்கியதில் ஒரு தீபாவளி வெடிக் கம்பெனியின் விலைப்பட்டியலும் உண்டு. கருத்துகளுக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது.

டிவியைப் பற்றி அவருடைய கருத்து இது: நாம் ஒளிபரப்புவதெல்லாம் பூமியோடு நிற்பதில்லை, கசிந்து விண்வெளியில் போய்க்கொண்டே இருக்கிறது. ஆக, மனித இனத்தைப் பற்றி வேற்றுக்கிரகத்தாருக்கு முதலில் தெரியவரப்போவது, ஒரு மாமியார் பாலில் எதையோ கலந்து மருமகளிடம் நீட்டுவதுதான். அவர்கள் ஏன் இங்கே வருவதில்லை என்று விஞ்ஞானிகள் குழம்பவேண்டிய அவசியமே இல்லை. இந்தக் காரணத்தால் அவர் டிவி வாங்காமலே இருந்தார். டிவி இல்லாத வீடுகளுக்கு அரசாங்கமே கலர் டிவி கொடுத்தபோது, தெருவில் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வந்தது.

கம்ப்யூட்டர் விஷயம் வேறு. அதன் முன்னால் செருப்போடு போகக் கூடாது, அது யோசிக்கும்போது இன்னொரு தடவை தட்டக் கூடாது. ஆயுத பூஜைக்கு அவர் மனைவி மகேஸ்வரி மவுசுக்குக் குங்குமம் வைத்ததை மூடநம்பிக்கை என்று கண்டித்து ஒரு கட்டுரை எழுதினார். எழுதி முடிக்கிறவரை குங்குமத்தை அழிக்கவில்லை.

இணைய நாகரிகத்துக்கென்று பதினெட்டு விதிகள் வகுத்திருந்தார். படிக்காமல் பின்னூட்டம் போடாதே. ‘அருமை’ என்று ஒற்றைச் சொல்லில் ஓடாதே. எல்லாவற்றுக்கும் தலையான முதல் விதி: சொந்தப் பெயரில் வா, பொய்ப் பெயரில் வருகிறவன் முகமூடித் திருடன், அவனுக்குப் பதில் கிடையாது. சொந்தப் பெயரில் யாரும் வராததால் இந்த விதி சிரமமில்லாமல் அமலில் இருந்தது.

அன்று ராத்திரி தோசைக்கு உட்கார்ந்தபோது மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். மகேஸ்வரி பதறவில்லை. சாயங்காலத்தில் இனி என்ன செய்வதாக உத்தேசம் என்று மட்டும் கேட்டாள்.

“கீழதான் இருப்பேன். அந்த டிவிப் பெட்டிய நிறுத்திட்டு வீட்டுல நாலு வார்த்தை பேசலாம். விஞ்ஞானம், வானம், எவ்வளவோ இருக்கு.”

மகேஸ்வரி கல்லில் கிடந்த தோசையைத் திருப்ப மறந்துவிட்டாள். ஏழரை மணிக்கு ஆரம்பித்து அவளுக்கு வரிசையாக நாடகங்கள் உண்டு. அந்த நேரத்தில் கணவர் மாடியில் பேரண்டத்தோடு இருப்பார் என்கிற ஏற்பாட்டில்தான் அந்தக் குடும்பம் சண்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாடு முடிந்ததும் அவள் கொல்லைப்பக்கம் போய்ச் சிதம்பரத்திலிருக்கும் தன் தம்பி மணிவண்ணனிடம் வெகுநேரம் போனில் பேசினாள். குரல் தழதழப்பது மாடிக்குக் கேட்டது. பிறந்த வீட்டு விவகாரம் என்று உத்திராபதி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அலுவலகம் விடுமுறை. விலகியவர் எட்டிப் பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் தண்ணீர் டேங்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்க மாடிக்குப் போனவர், போன காலோடு கம்ப்யூட்டரையும் பார்த்தார்.

புளூட்டோவாசி என்றொருவர் எழுதியிருந்தார்: ‘ஐயா, தாங்கள் போய்விட்டால் எங்களுக்கு வானமே இல்லை.’ அடுத்து விண்மீன் நேசன். அதற்கடுத்து நெபுலா தாசன். டேங்க் அன்றைக்குப் பலமுறை நிரம்பியது. போகாதீர்கள், தமிழ் தாங்காது, சாயங்காலம் எழுதினால்தான் உங்களுக்குச் சிந்தனை பிரவாகமாக வருகிறது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றெல்லாம் வந்துகொண்டே இருந்தன. அத்தனையும் பொய்ப் பெயர்கள். முதல் விதிக்கு உத்திராபதி தற்காலிகத் தளர்வு அறிவித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திடீரென்று ஒன்றும் வரவில்லை. திறந்து திறந்து பார்த்தார். அவ்வளவுதானா என்று இருந்தது. நாலு மணிக்கு மேல் மறுபடி பின்னூட்ட மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண ஆள் இதோடு சந்தோஷப்பட்டிருப்பான். உத்திராபதி விஞ்ஞான வாசகர். விண்வெளியிலிருந்து வரும் சமிக்ஞையில் இடைவெளி விழுந்தால் அந்த இடைவெளியைத்தான் ஆராய வேண்டும் என்று படித்தவர். மின்வெட்டு அப்போது ஊருக்கு ஒரு நேரம்; கடலூருக்குக் காலையிலேயே முடிந்துவிட்டது. பேப்பரை எடுத்து அட்டவணையைப் பார்த்தார். மதியம் இரண்டு முதல் நாலு வரை சிதம்பரம்.

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அத்தனை வாசகர்களும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். யோசிக்க யோசிக்க அது எவ்வளவு பொருத்தம் என்றும் பட்டது. ஆகாயத்துக்கே கோயில் கட்டி வைத்திருக்கும் ஊர். விண்வெளி வாசகர்கள் அங்கே திரளாமல் குறிஞ்சிப்பாடியிலா திரள்வார்கள்?

உடனே அடுத்த அறிவிப்பு போனது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குச் சிதம்பரம் மேல வீதியில், மணிவண்ணனின் பிரவுசிங் சென்டரில், வாசகர் சந்திப்பு. விலகல் முடிவை மறுபரிசீலனை செய்வது குறித்து அங்கே தெரிவிக்கப்படும். மச்சானின் கடை வாசகர்களின் ஊரிலேயே அமைந்திருப்பதை உத்திராபதி ஒரு வசதியாக மட்டுமே பார்த்தார். இடம் வேண்டும் என்று போன் செய்தபோது மணிவண்ணன், நாலு மணிக்குக் கரண்ட் வந்திருக்குமோ என்னமோ மாமா என்றான். பேசத்தானே போகிறோம், மாவா ஆட்டப் போகிறோம் என்றார் உத்திராபதி.

ஞாயிற்றுக்கிழமை விதிகளை ஐம்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒவ்வொரு ஊராக வரவும் ஏற்புரையில் ஒவ்வொரு வரி கூடிக்கொண்டே போனது.

பிரவுசிங் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றியபோது, ஏற்கெனவே அங்கே இரண்டு ஜோடி கிடந்ததைக் கவனித்தார். மணிவண்ணன் ஒரு தட்டு நிறைய போண்டாவோடு வியர்த்துப்போய் நின்றான். வலைப்பூச் சந்திப்பு என்றால் போண்டா உண்டு என்பது அவனுக்கும் தெரிந்திருந்தது. ப்ளைவுட் தடுப்புகளுக்கு நடுவே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் பக்கத்து ஜெராக்ஸ் கடை இளவரசு. நெபுலா தாசன் என்று அறிமுகப்படுத்தப்பட்டான். இன்னொருவன் தோளில் வயர்ச் சுருள் மாட்டியிருந்தான்.

“இவுரு கொளஞ்சி, மாமா. இவுருதான் புளூட்டோவாசி. கேபிள் டிவியில லைன் பாக்குறாரு.”

மற்றவர்கள் வந்துகொண்டிருப்பதாக மணிவண்ணன் சொன்னான். பிச்சாவரத்துக்குப் படகு சவாரி போனவர்கள், விருத்தாசலத்தில் கல்யாணத்துக்குப் போனவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் வைத்திருந்தான். புளூட்டோவையே கிரக ஜாபிதாவிலிருந்து எடுத்துவிட்டார்கள், புளூட்டோவாசி கேபிள் டிவியில் வேலை பார்ப்பதில் தப்பில்லை என்று உத்திராபதி தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். போண்டா ஆறுகிறவரை பேசினார். இருவரும் இமைக்காமல் கேட்டார்கள். கடைசியில், தன் எழுத்தில் எது பிடித்து இங்கே வந்தீர்கள் என்று புளூட்டோவாசியைப் பார்த்துக் கேட்டார்.

கொளஞ்சி மணிவண்ணனைப் பார்த்தான். மணிவண்ணன் போண்டாவைப் பார்த்தான்.

“எல்லாமே புடிக்கும் சார்” என்றான் கொளஞ்சி. அது போதவில்லை என்று அவனுக்கே தோன்றியிருக்க வேண்டும். நல்ல மனசுக்காரன். உள்ளதைச் சொன்னால் கேட்பார் என்று நினைத்தான். “நீங்க மட்டும் நிறுத்திடக் கூடாது சார். நெசமா சொல்றன். நீங்க நிறுத்திட்டா அக்காவுக்கு ஏழரை மணி நாடகம் போயிடுமாம். மணி அண்ணன் ரெண்டு நாளா அதே கவலையா கெடக்குறாரு.”

மின்வெட்டு முடிந்திருந்ததால் ஃபேன் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது.

“அக்கா அழுதுச்சி மாமா” என்றான் மணிவண்ணன்.

உத்திராபதி கையிலிருந்த ஜெராக்ஸ் கட்டைத் தட்டி நேராக்கினார். “எல்லாத்தையும் நீயேவா எழுதுன?”

“பாதிதான் மாமா நானு. மீதிய எளவரசு போட்டான். அவனுக்குத் தமிழ் டைப்பிங்ல ஸ்பீடு ஜாஸ்தி.”

“அந்தச் செவ்வாய் கிரகத்துக் கூட்டுறவு வங்கி. அதயாவது படிச்சியா?”

“படிக்கலாம்னுதான் இருக்கேன் மாமா.”

ஐம்பது பிரதிகளும் அதே பையில் கடலூருக்குத் திரும்பின. ஜன்னலோரம் உட்கார்ந்து உத்திராபதி, இந்தக் குற்றம் எந்த விதியின் கீழ் வருகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றாம் விதி பொய்ப் பெயர். இரண்டாம் விதி படிக்காமல் பின்னூட்டம். மனைவி, மச்சான் ஆகியோர் கூடிக் கணவரை எழுத்தாளராகவே வைத்திருக்க முயல்வது பற்றி எந்த விதியும் இல்லை. பதினெட்டு போதவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது நாடகம் ஆரம்பித்திருந்தது. மணிவண்ணன் போனில் சொல்லியிருப்பான் போல, மகேஸ்வரி எழுந்து நின்றாள். ரிமோட்டை அவர் நாற்காலியின் மேல் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். சரணாகதி என்றால் அதுதான். மாடிக்குப் போனால் அவள் நினைத்தபடி நடந்தது போலாகிவிடும். ஆகவே உத்திராபதி நாற்காலியில் உட்கார்ந்தார். ரிமோட்டைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் சிவப்புப் பட்டனுக்கு மேல் நின்றது.

திரையில் ஒரு கதவு திறந்தது. யாரோ ஒருவன் உள்ளே வந்தான். கீழே ஒரு வரி ஓடியது: ‘இனி இவருக்குப் பதில் இவர்.’

“யாரு இவன்?” என்றார்.

“கதாநாயகியோட புருஷன்.”

“போன மாசம் ஒருநா எறங்கி வரும்போது பாத்தேன். அவனுக்கு மீசை இருந்துது. மூஞ்சியே வேற.”

“அவரு போயிட்டாரு. இப்ப இவரு.”

“பொண்டாட்டிக்குத் தெரியலயா?”

“தெரிஞ்சாலும் தெரியாத மாதிரிதான் இருப்பா. கதை நடக்கணும்ல.”

உத்திராபதி திரையைப் பார்த்தார். ஓர் ஆளின் உயிரை இன்னோர் உடம்புக்கு மாற்ற, அவர் படித்த கதைகளில் கண்ணாடித் தொட்டி வேண்டும், மின்னல் வேண்டும், வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் சாக வேண்டும். அதற்கே இருநூறு பக்கம் ஆகும். இங்கே ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணும் புது முகத்தின் முன்னால் காபி டம்ளரை வைத்து, தலைவலி தேவலையா என்று கேட்கிறாள். கட்டைவிரல் பட்டனை விட்டு நகர்ந்தது.

தலைவலி எந்த உடம்புக்கு வந்தது என்று கேட்டார். மாமியாருக்கு மட்டும் ஏன் சந்தேகம் வரவில்லை என்று கேட்டார். பழைய ஆள் சம்பளத் தகராறில் திரும்பி வந்தால் பெண்டாட்டி யாருக்கு என்று கேட்டார். மகேஸ்வரி முதல் கேள்விக்குப் பதில் சொன்னாள், இரண்டாவதற்குத் தலையாட்டினாள், அதன்பிறகு வசனம் எதுவும் அவள் காதில் விழவில்லை. விளம்பரம் வந்ததும் அவர் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க. மேல போயி எதாவது எழுதுங்களேன்.”

இத்தனை வருஷத்தில் அவரை எழுதச் சொல்லி, சொந்த முகத்தோடு, சொந்தக் குரலில், முழு மனசாக வந்த வேண்டுகோள் அது ஒன்றுதான். பதினெட்டு விதிகளில் ஒன்றைக்கூட அது மீறவில்லை. உத்திராபதி அதை உணர்ந்தார். நெஞ்சில் என்னவோ அசையவும் செய்தது.

விளம்பரம் முடிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.