நீலக் கோடு

அன்று காலையிலிருந்தே மிசுமோரியின் கால் சும்மா இருக்கவில்லை. ஒலிப்பதிவு அறையில் ஊசி விழுந்தாலும் மைக்கில் விழும். இவள் நாற்காலியோ முனகிக்கொண்டே இருந்தது.

"காலை ஆட்டாதடி," என்றேன்.

"சரிக்கா," என்றாள். அடுத்த நிமிடமே விரல்கள் வசனத்தாளைச் சுருட்டத் தொடங்கின.

அவளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் இருப்புக்கொள்ளவில்லை. நான் காலமெல்லாம் பையன்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைப்பவள். இந்தக் கார்ட்டூன் தொடரில் பத்து வயது இட்சுகி நான்தான். இட்சுகியின் கணினியிலிருந்து குதித்து வந்து அவனோடு ஒட்டிக்கொண்ட மின்விலங்கு நுப்போ. பார்க்க உருண்டையாக இருக்கும், எந்நேரமும் 'பசிக்குது' என்று நச்சரிக்கும். அதற்குக் குரல் மிசுமோரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடுவார்கள்.

சண்டை வந்தால் நுப்போ பெரிய டிராகனாக உருமாறும், முடிந்ததும் பழைய உருண்டையாகிவிடும். இதுதான் வழக்கம். இன்று எடுக்கும் பாகத்தோடு அந்த வழக்கமும் போகிறது. இனி அது டிராகனாகவே இருக்கும், இட்சுகியையும் மறந்துவிடும். காரணம் கதையில் இல்லை, கடையில் இருக்கிறது. டிராகன் பொம்மை வந்துவிட்டது, விற்க வேண்டாமா? டிராகனுக்குக் குரல் கொடுப்பவன் அகாஸே. பெண் பிள்ளைகள் இந்தப் பையனின் படத்தை வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள். மிசுமோரிக்கு இருந்த ஒரே வேலை இன்றோடு முடிகிறது. எனக்கு வந்த ஆத்திரத்தை, தொடருக்குப் பணம் போடும் பொம்மைக்காரரிடம் காட்ட முடியாது. அவளிடமே காட்டினேன்.

"சோத்து உருண்டை வாங்கிட்டு வந்தியே, தின்னியா?"

"தொண்டையில இறங்கலக்கா."

"வெறும் வயித்தோடயா வந்து உட்கார்ந்திருக்க? அது கத்தினா யார் பதில் சொல்றது? நானா?"

எங்கள் தொழிலில் சலசலக்கும் சட்டை ஆகாது, காலி வயிறும் ஆகாது. பசியே இல்லாவிட்டாலும் எதையாவது போட்டு வயிற்றின் வாயை அடைத்துவிட்டுத்தான் வருவோம்.

படம் வழக்கம்போல் வரைந்து முடிந்திருக்கவில்லை. திரையில் அரைகுறைப் பென்சில் உருவங்கள்தான். யார் பேச வேண்டுமோ அவருடைய நிறத்தில் ஒரு கோடு தோன்றும். கோடு நிற்கும்வரை பேசலாம், மறைந்தால் வாயை மூட வேண்டும். எனக்குச் சிவப்பு, அவளுக்கு நீலம், அகாஸேவுக்குப் பச்சை. கோடில்லாத இடத்தில் வாயைத் திறந்தவரை மறுபடி யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நுப்போவின் கடைசி வசனம் வந்தது. "இட்சுகி, பயப்படாத," என்றாள். நீலம் மறைந்தது. அவள் போய் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அடுத்து டிராகன் நிமிர்ந்து நிற்கிறது. அதன் முன்னால் பொடியன் இட்சுகி. சிவப்புக் கோடு வந்தது.

"நுப்போ, உள்ள நீ இருக்கியா?"

பதில் வராது. டிராகன் வெறுமனே பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திரையில் எந்தக் கோடும் இல்லை, அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து மிசுமோரியின் வயிறு நீளமாக ஒரு கூச்சல் போட்டது.

படம் நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இயக்குநர் குனிமாட்சுவின் குரல் கேட்டது.

"யாரோட வயிறு அது?"

மிசுமோரி எழுந்து இடுப்பு வளையக் குனிந்தாள். "என்னோடதுதான் சார். மன்னிச்சிடுங்க."

திட்டு விழும் என்று காத்திருந்தோம்.

"மைக்குகிட்ட வாங்க," என்றார் குனிமாட்சு. "இன்னொரு தடவை எடுப்போம். அது திரும்ப வந்தா வரட்டும், நுப்போவோட வயிறா இருக்கட்டும்."

அகாஸே தன் இடத்தை விட்டு விலகினான். "நீங்க நில்லுங்கக்கா. அந்தச் சத்தம் எனக்கு வராது."

பையன் நல்லவன்தான். அதுவரை அவனைக் கரித்துக்கொட்டியதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

மறுபடி சிவப்பு. "நுப்போ, உள்ள நீ இருக்கியா?"

வேண்டாதபோது ஊரைக் கூட்டிய வயிறு, வேண்டும்போது சமர்த்தாக இருந்தது. டிராகன் முகத்தைத் திருப்பத் தொடங்கியது. நான் பக்கத்தில் பார்த்தேன். மிசுமோரியின் கால் ஆடவில்லை. கண் திரையில் இருந்தது, வாய் திறந்தது. கோடு இல்லையடி, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"பசிக்குது, இட்சுகி."

ரொம்ப ஆழத்திலிருந்து வருவதுபோல, சின்னக் குரலில் சொன்னாள். அதற்குள் என் சிவப்பு வந்துவிட்டது. "போகாத" என்று கத்த வேண்டும். கத்தினேன். அது இட்சுகி கத்தியதல்ல, நான் கத்தியது.

படம் ஓடி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைக்காரர் குனிமாட்சுவின் காதருகே குனிந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். குனிமாட்சு அவர் பக்கம் திரும்பவில்லை. ஒலிபெருக்கியின் பொத்தானை அழுத்தியபடியே உதவியாளரிடம் பேசினார், எங்களுக்கும் கேட்டது.

"அந்த இடத்துல ஒரு நீலக் கோடு போடு. அடுத்த வாரத்துப் படத்துலயும் போடணும்."

மிசுமோரியின் கால் மறுபடி ஆடத் தொடங்கியது. ஆட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.