பக்கத்து இருக்கை

நான்காவது போல்ட் அசைய மறுத்தது. டெரிக் தலையையும் ஒரு தோளையும் காருக்குள் நுழைத்து, மிச்ச உடம்பைக் கராஜ் தரையில் முட்டி போட்டு வைத்திருந்தான். அவன் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது ரோவீனாவின் வேலை. துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே அடித்து ஊறவிட்டிருந்தார்கள். அப்படியும் அது கழலக் கூடாது என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டு நின்றாள். ஐம்பத்தெட்டு வயதில் போய் ஒரு போல்ட்டுக்காக வேண்டிக்கொள்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"பிடிவாதம் பிடிக்குது கண்ணு," என்றான் உள்ளிருந்து. "உன்னை மாதிரியே."

அடுத்த இழுப்பில் கிறீச்சென்று அது கழன்றது.

கார் அவளுடையது. முப்பது வயது தாண்டிய பச்சை மாஸ்டா. இரண்டே பேர் உட்காரலாம், கூரையை மடக்கிப் பின்னால் தள்ளலாம், விளக்கைப் போட்டால் தூக்கத்திலிருந்து விழித்த மாதிரி முன்பக்கம் இரண்டு கண்கள் எழும்பும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு போவாள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவாள். எங்கே என்று கேட்டால் "சும்மா ஒரு சுத்து" என்பாள். டெரிக்கால் அவளோடு போக முடியாது. பக்கத்து இருக்கை முன்னால் நகர்ந்த வாக்கில் அடியிலுள்ள தண்டவாளத்தில் இறுகிக் கிடந்தது. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம், வளர்ந்த மனுஷனின் முட்டிக்கு இடமில்லை. போதாததற்கு, ஏணியிலிருந்து விழுந்த நாளிலிருந்து அவன் முதுகுக்கு எந்தக் காரின் மெத்தையும் ஒத்துக்கொள்வதில்லை, வீட்டிலும் ஒரு மர நாற்காலியில்தான் உட்காருவான்.

அவன் கவுன்சிலில் கட்டடங்களைப் பார்வையிடும் வேலையில் இருந்தவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு பார்வையிட அவனுக்கு ஒரே ஒரு கட்டடம்தான் மிஞ்சியது, அதற்குள் ஒரே ஒரு பெண்டாட்டி. முதலில் சமையலறை அலமாரிகளை இடம் மாற்றினான். பிறகு அவள் தனியாகப் போய்க்கொண்டிருந்த கடை, தனியாக நடந்துகொண்டிருந்த ஆற்றங்கரை, ஒவ்வொன்றுக்கும் "இரு, நானும் வரேன்" என்று தொப்பியை எடுத்தான். குடிக்கிறவனில்லை, கை நீட்டுகிறவனில்லை. அவள் தும்மினால் ஜன்னலைச் சாத்துவான். பக்கத்து வீட்டு க்ளெண்டா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நீ குடுத்து வச்சவ. எங்க வீட்டுல இருக்கிறது எழுந்து லைட்டைக் கூட அணைக்காது," என்பாள். கெட்டவனிடமிருந்து ஓடிப்போகலாம், ஊர் சேர்ந்து வழியனுப்பும். நல்லவனிடமிருந்து ஓடினால் என்ன காரணம் சொல்வது என்று ரோவீனா யோசித்துப் பார்த்ததுண்டு.

டெரிக்கின் நண்பன் மால்கம் வார இறுதிகளில் பழைய கார்களை வைத்துப் பந்தயம் ஓட்டுகிறவன். அவன் புது இருக்கைகளுக்கு மாறியபோது பழைய ஜோடியை டெரிக்கிடம் தள்ளிவிட்டான். கண்ணாடியிழை ஓட்டின் மேல் மெல்லிசாகத் துணி ஒட்டியவை. தலைக்கு இருபுறமும் காது மாதிரி மடிந்த தடுப்பு, இடுப்புக்கும் தொடைக்கும் உயர்ந்த விளிம்பு. ஒற்றை விரலில் தூக்கலாம். "இது முதுகை ஆட விடாது டெரிக், பிடிச்சு வச்சுக்கும்" என்று மால்கம் சொன்ன ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

"பழைய சீட்டே நல்லாத்தானே இருக்கு," என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"உன் காரு லேசாகும், வளைவுல நல்லா திரும்பும். உனக்காகத்தான் செய்யறேன்."

அவள் ஸ்பேனர் பெட்டியை எடுத்துவரப் போனாள்.

பழைய இருக்கையைத் தூக்கி வெளியே வைத்தபோது அடியிலிருந்து மணல் கொட்டியது. கூடவே, சிப்ஸ் குத்தித் தின்னக் கடைகளில் கொடுக்கும் சின்ன மர முள்கரண்டிகள் ஏழெட்டு.

டெரிக் அவற்றைப் பொறுக்கி உள்ளங்கையில் அடுக்கினான். "அடிப்பாவி. வீட்டுல என்னை வேகவச்ச கேரட்டைத் திங்க வச்சுட்டு, நீ மட்டும் சிப்ஸா?" சிரித்தான். உண்மையான சிரிப்புதான். "கடலுக்கா போற? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே."

அதனால்தான் சொல்லவில்லை என்பதை எந்த வாயால் சொல்வாள்? இன்னொருவன் இருந்திருந்தால் சுலபம். அழுது, கத்தி, ஒப்புக்கொண்டு ஏதோ ஒரு பக்கம் முடிந்துபோயிருக்கும். அவள் போவது ஒன்றுமில்லாத ஒன்றுக்கு. கூழாங்கல் மேட்டில் உட்கார்ந்து சிப்ஸ் தின்று, யாரும் எதுவும் கேட்காமல், யாருக்கும் எதுவும் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு வருவதற்கு.

டெரிக் இருக்கையைக் குப்புறப் போட்டு அதன் தண்டவாளத்துக்குள் டார்ச் அடித்தான். ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினான். ஒரு கல் தெறித்து அவள் செருப்பருகே வந்து நின்றது. கறுப்பில் வெள்ளை வரி ஓடிய கல்.

"பாரேன் கூத்தை. இத்தனூண்டு கல்லு," என்று எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இது தானா போகல. யாரோ அடிச்சு இறக்கியிருக்காங்க. இந்த பேரி பையன் சர்வீஸ் பண்ற லட்சணம் இது."

"விடு, போகட்டும்," என்றாள் ரோவீனா.

அவன் எங்கே விடுவான்? கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே பேரிக்குப் போன் போட்டான். கல்லைப் பற்றி பேரிக்குத் தெரியும். போன சர்வீஸில் அதைக் கண்டுபிடித்து "எடுத்துடவா?" என்று கேட்டவனே அவன்தான். "இருக்கட்டும்" என்று அவள் சொன்னதும் அவள் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டுத் தலையாட்டியிருந்தான். இப்போது டெரிக் அவனைத் திட்டித் தீர்த்தான். பிறகு, "என் தப்புன்னே வச்சுக்கங்க" என்ற பேரியின் குரல் அவளுக்கும் கேட்டது. அவள் ஸ்பேனர்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிக்கொண்டிருந்தாள். கல்லை டெரிக் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

புது இருக்கைகள் நகராதவை. உட்காருகிறவருக்கென்று அளந்து ஒரே இடத்தில் முடுக்கிவிட வேண்டும். அவளை உட்கார வைத்து, பெடலை மிதிக்கச் சொல்லி, அடியில் வாஷரைக் கூட்டியும் குறைத்தும் அளவெடுத்தான். அப்புறம் பக்கத்து இருக்கையைத் தனக்காக அளந்தான். கதவு விளிம்பைப் பிடித்து, ஒரு காலை விட்டு, முனகிக்கொண்டே உள்ளே இறங்கி உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன, வலிக்குதா?"

"இல்ல," என்றான். கண் கலங்கியிருந்தது. "வலிக்கல ரோவீனா. எங்கயுமே வலிக்கல."

அவளுக்கு அவன்மேல் பாசமும் எரிச்சலும் ஒரே நேரத்தில் பொங்கி வந்தன. இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அவனும்தான் ஒரு மர நாற்காலியோடு அடைபட்டுக் கிடந்திருக்கிறான். அது தெரிந்த பிறகு அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச வழியும் அடைபட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவன் அவளுக்கு முன்னால் எழுந்து பிளாஸ்கில் டீ போட்டிருந்தான். புது இருக்கையோடு வந்த தோள் பட்டைகளை அவனுக்கு அவள்தான் இழுத்து இறுக்கிவிட்டாள். "எங்க போகலாம்?" என்று கேட்டாள்.

"அந்த சிப்ஸ் குச்சி எங்க குடுக்கிறாங்களோ, அங்க."

கூட்டம் அலைமோதும் ஷெரிங்கமுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். அங்கேயும் கடல் உண்டு, சிப்ஸ் உண்டு. தன்னுடைய இடமாவது பிழைக்கும். ஆனால் பாதை பிரியும் இடம் வந்தபோது இன்னொரு பொய்யைச் சுமக்கத் தெம்பில்லை. தன் இடமான வேபர்ன் பக்கமே திருப்பினாள். வழிநெடுக அவன் பேசிக்கொண்டு வந்தான். தலைத் தடுப்புகள் மறைத்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. பாதிப் பேச்சைக் காற்று கொண்டுபோயிற்று. மீதிப் பாதிக்கு "ஆமா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

கடலை மறைத்துக்கொண்டு நீளமாகக் கிடந்தது கூழாங்கல் மேடு. அதன் அடிவாரத்தில், எப்போதும் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். அலை கற்களை இழுக்கிற ஓசை மேட்டுக்கு அப்பாலிருந்து வந்தது. முன்கண்ணாடிக்கு எதிரே கல், கல்லுக்கு மேல் கல், எல்லாம் கறுப்பில் வெள்ளை வரி ஓடியவை.

சட்டைப்பைக்குள் டெரிக்கின் விரல்கள் துழாவுவது கேட்டது. கல்லை எடுத்து டேஷ்போர்டின் மேல் வைத்தான்.

"பேரிய வேற திட்டிட்டேன்," என்றான்.

"ம்."

"எப்ப வச்ச?"

"நீ ரிட்டயர் ஆகுறதுக்கு முந்தின வாரம்."

அலை ஒருமுறை வந்து போயிற்று. "யாராவது இருந்தா சொல்லிடு. நான் சத்தம் போட மாட்டேன்."

"யாரும் இல்ல டெரிக். யாரும் இல்லாம இருக்கத்தான் இங்க வரேன்."

அவன் கோபப்பட்டிருக்கலாம், பட்டிருந்தால் அவளும் பட்டிருப்பாள். அவன் பட்டைகளை விடுவித்துக்கொண்டு எழ முயன்றான். உயர்ந்த விளிம்புகள் தொடையைப் பிடித்து வைத்துக்கொண்டன. கதவை ஊன்றி இரண்டு தரம் உந்தினான், பிறகு விட்டுவிட்டான்.

"நீ இழுத்தாத்தான் என்னால எந்திரிக்க முடியும்," என்றான். "இப்ப வேணாம். நீ போயிட்டு வா."

அவள் இறங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் மேட்டில் ஏறினாள். காலடியில் கற்கள் சரிந்தன. உச்சிக்கு வந்ததும் சாம்பல் நிறக் கடல் முழுசாகத் தெரிந்தது, வாரம் முழுக்க அவள் எண்ணி எண்ணிக் காத்திருக்கும் அதே கடல். அதைப் பார்த்தபடிதான் உட்காரப் போனாள். உட்கார முடியவில்லை. திரும்பினாள்.

கீழே, கூரை மடக்கிய பச்சைக் காரில், அந்த இருக்கை வைத்தது வைத்தபடி டெரிக்கின் தலை நேராக இருந்தது. பக்கவாட்டில் திரும்பவோ மேலே அண்ணாந்து பார்க்கவோ அவனால் ஆகாது. கதவுக்கு வெளியே ஒரு கை நீண்டிருந்தது, கையில் பிளாஸ்க் மூடியில் ஊற்றிய டீ. அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்று தெரியாமல் அவன் அதைக் காற்றில் நீட்டிப் பிடித்திருந்தான், ஆவி ஒரு பக்கமாகச் சாய்ந்து பறந்துகொண்டிருந்தது.