ஜப்பான் பேய்க்குக் கால் கிடையாது

சங்கராபுரம் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், அந்த வீட்டில் கல்யாணம் காணாமலே போய்ச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தால், முதல் அழைப்பு தாய்மாமனுக்கு அல்ல, அவளுக்குத்தான். ஏரிக்கரைக்குப் போய், கலசத்தில் நீர் மொண்டு வைத்து, பம்பை அடித்து அவளைக் கூப்பிட வேண்டும். சொந்தத்தில் யார் மேலாவது அவள் இறங்கி, "சரி, நடத்துங்க" என்று வாய் திறந்து சொன்ன பிறகுதான் பந்தக்கால். பூவாடைக்காரி என்று அவளுக்குப் பெயர். அவளைக் கேட்காமல் தாலி கட்டிய குடும்பம் விளங்காது என்பது ஊர்ப்பேச்சு.

அப்படிக் கூப்பிடுவதில் முருகவேலின் பம்பைக்குத் தனி மரியாதை இருந்தது. அடி மட்டும் காரணமில்லை. பொய்யாக ஆடுகிறவளைக் கண்டுபிடிப்பதில் மனிதர் எமன். புதுப்புடவை ஆசையில் ஆடுகிற அத்தைகள், மருமகளைத் திட்ட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று ஆடுகிற மாமியார்கள், ஒருத்தரும் அவரிடம் தப்ப முடியாது. முகத்தைப் பார்க்கவே மாட்டார். காலைப் பார்ப்பார். நிஜமாக மருள் வந்தவளுக்குக் கல்லும் தெரியாது, நெருப்பும் தெரியாது. வேஷக்காரி எவ்வளவு துள்ளினாலும் விளக்கை மட்டும் மிதிக்கமாட்டாள். "கர்ப்பூரத்த ஏத்தி உள்ளங்கையில வைய்யா" என்று தன்னோடு உடுக்கை அடிக்க வரும் சின்னப்பையன் என்பவரிடம் சொல்வார். பாதிப்பேர் அங்கேயே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குப் பிறந்த எழில்மதி ஜப்பான் பேய்களோடு மாரடித்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வீடு திரும்பியதும் ஃபோன்தான். வெளிநாட்டுப் பேய்ப் படங்களைப் பார்த்து, அந்தக் கதைகளைத் தமிழில் சொல்லி யூடியூபில் போடுவாள். அக்டோபர் பிறந்தால் அவளைப் பிடிக்கவே முடியாது. மாசக் கடைசியில் ஹாலோவீன் என்று வெள்ளைக்காரர்களுக்கு ஒரு பேய் நாள் உண்டாம். அதற்காக மாதம் பூராவும் கதை. தெருச்சத்தம் விழாமலிருக்கக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளிருந்தே பேசுவாள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள்தான் பேய் மாதிரி தெரிவாள்.

"ஏம்மா, நம்மூர்ல இல்லாத பேயா? அங்க இன்னா தனியா கொட்டிக் கெடக்குது?" என்று முருகவேல் சீண்டுவார்.

"ஜப்பான் பேய்க்குக் காலே கெடையாதுப்பா. அந்தரத்துல நிக்கும். காலப் பாத்துக் கண்டுபுடிக்கிற உன் வித்தையெல்லாம் அங்க செல்லாது."

வீடியோ போடுமுன் கதையை அவரிடம்தான் சொல்லிப் பார்ப்பாள். ஒரு கதை அவருக்கு அறவே பிடிக்கவில்லை. பனி கொட்டுகிற ஒரு ஜப்பான் கிராமம். கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. தாய் தனியாகக் கிடக்கிறாள். ஒருநாள் கதவைத் தட்டி, "கதவத் தொறம்மா. குளுருது" என்று மகன் குரல் கூப்பிடுகிறது. ஜன்னல் வழியே பார்த்தால் பனியில் பதிந்திருப்பது நரியின் கால்தடம். அந்த ஊரில் நரி மனித உருவம் எடுக்குமாம். தடத்தைப் பார்த்துவிட்டும் அந்தத் தாய் கதவைத் திறக்கிறாள். சோறும் போடுகிறாள்.

"பொய்னு தெரிஞ்சிக்கினே எவளாவது தொறப்பாளா? நானா இருந்தா வெறகுக்கட்டையால ஒண்ணு போட்டிருப்பேன்."

"அம்மான்னு கூப்புட அந்தம்மாவுக்கு வேற யாருப்பா இருக்காங்க?" கம்பளிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"போடி, நீயும் உன் கதையும்."

போன ஐப்பசி மழையில், ரோட்டோரம் விளக்கில்லாமல் நின்றிருந்த கரும்பு டிராக்டரில் அவள் ஸ்கூட்டி மோதியது. சேதி வந்தபோது முருகவேல் எலவனாசூர்கோட்டையில் யாருடைய மகளையோ அழைத்துக்கொண்டிருந்தார்.

பெண் போனாலும் ஃபோனில் அவள் கதைகள் இருந்தன. எழிலின் அம்மா சாலம்மாள் மதியத்தில் இடதுகாலை இழுத்து இழுத்து நடந்து வந்து சுவரோரம் உட்காருவாள். களைவெட்டப் போன இடத்தில் வரப்பு சரிந்து விழுந்ததிலிருந்து அந்தக் கால் அப்படித்தான். மகனிடம் ஃபோனை வாங்கி, பேய்க் கதைகளை ஒவ்வொன்றாகக் கேட்பாள். பேய் என்றால் குலைநடுங்குகிறவள், இப்போது பயந்ததாகவே தெரியவில்லை. முருகவேலோ அந்தக் குரல் கேட்டதுமே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். ஃபோனில் பேசுகிறவள் ஊருக்குப் பேசினாள். அப்பா என்று கூப்பிடுகிறவள் அதில் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

மகன் கவியரசனுக்கு இந்த ஐப்பசியில் கல்யாணம் கூடியது. தங்கையை அழைக்க வேண்டும்.

"வேற பம்பை செட்டு வச்சிக்கலாம்பா. உன்னால முடியாது" என்றான் கவியரசன்.

"ஊருல இருக்கிற பொண்ணுங்களயெல்லாம் கூப்புட்டேன், வந்தாங்க. எம் பொண்ணு எனக்கு வரமாட்டாளா?"

அழைப்பு நடந்த வாரத்தில்தான் அந்த வெள்ளைக்காரப் பேய் நாளும் வந்தது. பொழுது சாய ஏரிக்கரையில் கூடினார்கள். கல்வராயன் மலைமேல் கருக்கல் கட்டியிருந்தது. கலசத்துக்கு முன்னால் குத்துவிளக்கு எரிந்தது. முருகவேல் பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு வர்ணிப்பை எடுத்தார். மஞ்சள் குளித்தவளே, மல்லிகை முடித்தவளே, பட்டுடுத்த வேண்டியவளே என்று எல்லார் வீட்டுப் பெண்ணுக்கும் பாடுகிறதையே பாடினார். ஒரு அசைவும் இல்லை. அவருக்கு ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி மெல்ல ஆடிப் பார்த்தாள். அவர் பார்வை காலுக்குப் போனதும் நின்றுவிட்டாள்.

அவருக்கே உறைத்தது. மஞ்சளும் மல்லியும் எழிலுக்கு ஏது? மெட்டை மாற்றினார். ஜெராக்ஸ் கடைக்காரியே, கம்பளி போர்த்திக் கதை சொன்னவளே, அப்பனைக் கிண்டல் பண்ணினவளே, ஜப்பான் பேயெல்லாம் உனக்குச் சிநேகிதம்தானே, அதுகளிடம் வழி கேட்டுக்கொண்டாவது வா என்று பாடினார். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். அவள் வரவில்லை.

விரல் வெடித்துப் பம்பைத் தோலில் ரத்தம் தெரிந்தது. பெண்வீட்டார் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். "போதும்பா" என்று கவியரசன் கையைப் பிடித்தான். அவர் உதறினார். மகன் கல்யாணம்கூட அப்போது அவர் நினைவில் இல்லை. எல்லார் வீட்டுக்கும் கூப்பிட்டுக் கொடுத்தேனே, எனக்கு ஒரே ஒரு வார்த்தை தரமாட்டாயா என்று அழுதுகொண்டே அடித்தார். ஆயுசில் முதல் தடவையாகத் தாளம் பிசகியது.

அப்போதுதான் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த சாலம்மாள் வீறிட்டு எழுந்தாள். கூந்தல் அவிழ்ந்தது. உடம்பு குலுங்கியது. "வந்துட்டா, வந்துட்டா" என்று பெண்கள் வழி விட்டார்கள். தலையைச் சுழற்றிக்கொண்டு கலசத்தை நோக்கி வந்தவள், குத்துவிளக்கின் அருகில் சேலைக் கொசுவத்தை ஒரு கையால் லேசாக ஒதுக்கி, விளக்கைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

முருகவேல் அதைப் பார்த்துவிட்டார். சின்னப்பையனும் பார்த்துவிட்டார்.

இருந்தாலும் முருகவேல் கேட்கவேண்டியதைக் கேட்டார். "வந்துக்கிறது யாரு?"

சாலம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். கணவனைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டறியாதவள், சின்னப்பெண் குரலில் சொன்னாள்: "அப்பா, கதவத் தொறப்பா. குளுருது."

சின்னப்பையன் உடுக்கையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கர்ப்பூரத்தைக் கொளுத்தித் தட்டோடு நீட்டினார். இத்தனை வருஷமும் அவர்களுக்குள் இருந்த வழக்கம் அது. ஊரே முருகவேலைப் பார்த்தது.

"வேணாம்யா" என்றார் முருகவேல்.

"இல்லண்ணே, ஒரு தபா..."

"எங்கூட்டுப் பொண்ணு. எனக்குத் தெரியாதா? தள்ளு."

பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஏம்மா, இவ்ளோ நேரம் காக்க வச்சிட்டியே" என்றார்.

"அண்ணன் கல்யாணத்த நல்லபடியா நடத்துங்க" என்றாள் அவள். "நீ அழுவாதப்பா. கையெல்லாம் ரத்தம்."

அவர் ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வா தாயி. வூட்டுக்குப் போலாம்."

பம்பைக்காரர் முன்னே நடக்க வேண்டும், இறங்கி வந்தவள் கலசத்தோடு பின்னே வர வேண்டும். அதுதான் முறை. திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் பார்க்கவில்லை. ஆனால் ஏரிக்கரைச் சரளையில் அவருக்குப் பின்னால், ஒரு கால் ஊன்ற, இடதுகால் இழுபட்டுக்கொண்டே வருகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அந்தச் சத்தம் காதில் விழாதபடி, வெடித்த விரல்களால் பம்பையை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தார்.