வெள்ளிக்கிழமை எலிகள்

டாக்டர் வேணுகோபாலின் வாயைச் சாக்கடை என்று சொன்னால் சாக்கடை கோபித்துக்கொள்ளும். பெரம்பலூருக்கு வெளியே இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் எலிக்கூண்டு கழுவிய ஆண்டாயியை மூன்று வருஷமாக ‘ஏ மூதேவி’ என்றுதான் கூப்பிட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் விழுந்து முதுகு ஒடிந்த புருஷன் அரியமுத்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் கட்டிலில் கிடந்தான். “எலி நடந்தா உன் புருஷனும் நடப்பான்” என்று டாக்டர் ஒருநாள் சொல்லியிருந்தார்.

முதுகுத்தண்டை நசுக்கிய எலியை ரப்பர் விரித்த பலகையில் வைத்து, பலகையை மெல்லச் சாய்ப்பார்கள். எந்தச் சாய்வு வரை ஐந்து நொடி வழுக்காமல் நிற்கிறதோ அதுதான் அதன் கால்பலம். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புத்தண்ணீர் ஊசி போட்ட எலிகளுக்கு வியாழக்கிழமை சோதனை; டாக்டரின் புது மருந்து போட்டவற்றுக்குச் சனிக்கிழமை. முந்தின நாளே ஆண்டாயி நகம் வெட்டிவிட வேண்டும். எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நகம் வெட்டினால் வீடு விளங்குமா? அதுவும் புருஷன் படுக்கையில் கிடக்கும்போது எவள் வெட்டுவாள்? “சார், வெள்ளிக்கிழமையில...” என்று ஒருதடவை ஆரம்பித்தாள்.

“வாய மூடு. ஒன் புராணம் எனக்கெதுக்கு?”

மூடிக்கொண்டாள். எலிக்கு நகம் இருந்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று வெள்ளிக்கிழமைகளில் கத்தரியைத் தொடாமலே விட்டுவிட்டாள்.

மருந்து எலிகள் ஐம்பது டிகிரியில் கெட்டியாக நின்றன. மற்றவை முப்பதிலேயே உருண்டன. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஆண்டாயி அன்று அரியமுத்துவுக்குக் கோழி அடித்துப் போட்டாள்.

சென்னையிலிருந்து பேராசிரியை ஜானகி நேரில் பார்க்க வந்தது ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் எல்லா எலிக்கும் நகம் வெட்டச் சொன்னார் டாக்டர். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்களே, ஆண்டாயி ஒட்ட ஒட்ட வெட்டினாள்.

பலகை முப்பதைத் தொட்டதும் மருந்து எலிகளும் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

“என்னடி பண்ணித் தொலைச்ச?”

“நீங்க சொன்னாப்புல நகந்தான் சார் வெட்டுனேன்.”

“எப்பவும் வெட்டுறதுதானே?” என்று கேட்டார் ஜானகி.

“மருந்து போட்ட இதுங்களுக்கு நகம் வெட்டுற நாளு வெள்ளிக்கிழமை வருதுங்கம்மா. அன்னைக்கு வெட்ட மாட்டேன்.”

ஜானகி பேனாவை மூடினார். “இத்தனை நாளும் நகத்தாலதான் புடிச்சு நின்னிருக்கு. மருந்தால இல்ல.”

“பாவி! என் மூணு வருஷத்த நாசமாக்கிட்டியேடி!” டாக்டர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்.

ஆண்டாயி நகரவில்லை.

“காது குடுத்துக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்டா. ஒனக்கு மூணு வருஷந்தான் போச்சு. மருந்து வந்துடும் மாமா, வந்துடும்னு தெனம் கால அமுக்கி வுட்டேனே, அந்த மனுசங்கிட்ட இப்பப் போயி நான் என்னடா சொல்லுவேன்?”