மூன்றாவது அடுக்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை செய்தித்தாளின் ஒரு மூலையிலிருந்து வந்தது. உள்நாட்டுத் தக்காளி, இறக்குமதித் தக்காளி; எதிரே விலை, வரத்து, தரம். உள்நாட்டுப் பழத்தின் தரத்துக்கு நேரே யாரோ 'சுமார்' என்று எழுதியிருந்தார்கள். யார் அந்த மகராசி என்று யோசித்தேன் பாருங்கள், வம்பு அங்கேதான் தொடங்கியது.

2

விடியலில் சந்தை சோம்பல் முறித்து எழு... (வேண்டாம். அது தூங்கினால்தானே எழ?)

மொத்த வியாபாரச் சந்தையில் அறிக்கை எழுதுகிற அக்கா ஒருத்தி. தினமும் பெட்டிகளைத் திறந்து, பழத்தை அமுக்கிப் பார்த்து, தரம் எழுதி எட்டு மணிக்குள் அனுப்பிவிடுவாள். நாடு முழுக்கக் கடைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். அவள் 'சுமார்' என்றால் துறைமுகத்தில் நிற்கும் இறக்குமதி லாரிகள் கிளம்பும். உள்நாட்டுப் பழம் சீந்துவாரில்லாமல் அழுகும்.

போன வாரம் அடைமழை. மற்ற விவசாயிகள் பறிக்கவே இல்லை. இன்று வந்திருக்கும் உள்நாட்டுப் பழம் முழுக்க அவள் தம்பியுடையது. அவனுக்கு இது முதல் அறுவடை.

3

(தம்பி வந்து கெஞ்சுவதாக முதலில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவன் வாய்விட்டுக் கேட்கிற ஆளில்லை.)

அக்கா மேல் அடுக்கை ஒருநாளும் நம்பமாட்டாள். நல்லதை மேலே பரப்புவது ஊரறிந்த தந்திரம். மூன்றாவது அடுக்கைத்தான் பார்ப்பாள். ஒருநாள் சாப்பிடும்போது வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லியும் தொலைத்தாள்.

தம்பியின் பெட்டியைத் திறந்தாள். மேலே எல்லாம் வெடிப்பு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒரு கீறல் இல்லை, துடைத்து அடுக்கியிருந்தான். நான்காவதில் விரல் வைத்தாள், உள்ளே போய்விட்டது.

ஊரெல்லாம் சொத்தையைத்தான் ஒளிக்கும். இவன் நல்லதை ஒளித்திருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இத்தனை நல்ல பழம் தேற எத்தனை கூடையைக் கிளறினானோ, பாவி.

4

முடிவு ஒன்று: 'சுமார்' என்று எழுதுகிறாள். லாரிகள் கிளம்புகின்றன. தம்பி... (எனக்குக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: 'நன்று'. எங்கோ ஒரு கடைக்காரர் அவளை நம்பி வாங்கி, நான்காவது அடுக்கில் கையை விடுகிறார். அப்புறம் அவள் எழுத்தை யார் மதிப்பார்கள்?

லாரிகளை வழியில் பழுதாக்கிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். அது நான் செய்கிற கலப்படம்.

5

எட்டாக ஐந்து நிமிடம். தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"எந்த அடுக்கைக்கா பார்த்தே?"

"மூணாவது."

அவள் பொய் சொல்லவில்லை. அவன் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகு எனக்குப் பேனா ஓடவில்லை.

நான்காவதையும் பார்த்தவர் நீங்கள். இந்தாருங்கள், பிடியுங்கள்.

உள்நாட்டுத் தக்காளி. வரத்து: குறைவு. தரம்: